மாதம் 42,000 ரூபாய் என்கிறார்கள், வண்டி மாறலாமா?

சங்ககிரி வட்டாரத்தைச் சேர்ந்த 26 வயது லாரி ஓட்டுநர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, அதன் சாரத்தை முதலில் தருகிறேன்.

அவர் இரண்டு ஆண்டுகள் கிளீனராக இருந்து, கனரக வாகன உரிமம் எடுத்து, கடந்த பதினான்கு மாதங்களாக ஏழு லாரிகள் வைத்திருக்கும் ஒரு முதலாளியிடம் பன்னிரண்டு சக்கர வண்டி ஓட்டி வருகிறார். பெரும்பாலும் கேரளாவுக்குச் சிமென்ட் நடை. சம்பளம் 13,000 ரூபாய். வண்டி வெளியே இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 600 ரூபாய் படி. மாதம் 22 நாள் ஓடினால் மொத்தம் 26,200 ரூபாய் கிடைக்கிறது, எல்லாமே ரொக்கம். வாரத்தில் ஒன்றிரண்டு இரவாவது வீட்டில் தூங்க முடிகிறது. தங்கையின் திருமணத்துக்கு வாங்கிய முன்பணத்தில் இன்னும் 22,000 ரூபாய் பாக்கி இருக்கிறது. மனைவி ஐந்து மாதக் கர்ப்பிணி.

இந்த நேரத்தில், ஓசூரிலிருந்து குருகிராமுக்குக் கண்டெய்னர் டிரைலர் ஓட்டும் வேலை ஒன்று வந்திருக்கிறது. சம்பளம் 9,000 ரூபாய். அதற்கு மேல் கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய். "மாதம் 9,500 கிலோமீட்டர் எப்படியும் ஓடும், 42,000 ரூபாய்க்குக் குறையாது" என்று சொல்லியிருக்கிறார்கள். சாப்பாட்டுச் செலவு ஓட்டுநருடையது. டீசல் மிச்சப்படுத்தினால் தனியாக ஊக்கத்தொகை உண்டு. சேரும்போது அசல் உரிமத்தை அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும், கையெழுத்திட்ட வெற்றுக் காசோலை ஒன்று தர வேண்டும், இரண்டு ஆண்டுகளுக்குள் விலகினால் 50,000 ரூபாய் கட்ட வேண்டும், முதல் மூன்று மாதம், மாதம் 5,000 ரூபாய் காப்புத்தொகையாகப் பிடிப்பார்கள், பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) ஆறு மாதம் கழித்துத்தான். பழைய முதலாளிக்குத் தர வேண்டிய பாக்கியை நிறுவனமே அடைத்துவிடும்.

"முன்பணத்துக்கு எழுத்து எதுவும் இல்லை, அதைக் கொடுக்காமலே போய்விடலாம் என்கிறார்கள். பி.எஃப். என்பது வீண் பிடித்தம், ஓவர்லோடு பிடிபட்டால் அது முதலாளி பாடு, விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும் என்றும் சொல்கிறார்கள். வண்டி மாறினால்தான் சம்பளம் ஏறும் என்பது உண்மையா? நான் போகலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நிறுவனத்துக்கு, இந்த நிபந்தனைகளில் போக வேண்டாம். நல்ல சம்பளத்துக்காக வேலை மாறுவது உங்கள் உரிமை; அதைத் துரோகம் என்று சொல்ல எந்த முதலாளிக்கும் இடமில்லை. குழந்தை பிறக்கப்போகும் வீட்டில் வருமானம் கூட வேண்டும் என்ற உங்கள் கவலையும் நியாயமானது. ஆனால் உங்கள் முன் வைக்கப்பட்டிருக்கும் 42,000 என்ற எண்ணைப் பிரித்துப் பார்த்தால், அதில் பெரும்பகுதி உங்கள் தூக்கத்திலிருந்து எடுக்கப்படுவது தெரியும். பணக் கணக்கிலிருந்து தொடங்குகிறேன்.

42,000 ரூபாய் எப்படி வருகிறது?

ஓசூரிலிருந்து பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி, ஆக்ரா வழியாக 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் குருகிராம் போனால் ஒரு வழிக்கு ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர்; போய் வர 4,400. மாதம் 9,500 கிலோமீட்டர் ஓட வேண்டுமென்றால் இரண்டு நடைக்குக் கொஞ்சம் அதிகமாகப் போய் வர வேண்டும். ஒவ்வொரு நடையிலும் சரக்கு ஏற்றவும் இறக்கவும் திரும்பும் லோடுக்குக் காத்திருக்கவும் நான்கு நாள் போகும் என்று குறைவாகவே வைத்துக்கொள்வோம். அப்படியானால் மாதத்தில் எட்டு, ஒன்பது நாட்கள் நின்ற இடத்திலேயே கழியும். மீதமுள்ள 21 நாட்களில் 9,500 கிலோமீட்டரை முடிக்க, ஒரு நாள்கூட விடுப்பு இல்லாமல், நாளொன்றுக்குச் சுமார் 450 கிலோமீட்டர் ஓட வேண்டும். சுங்கச்சாவடி, நகர நெரிசல், டயர் பார்ப்பது எல்லாம் சேர்த்து லோடு டிரைலரின் சராசரி மணிக்கு 40 கிலோமீட்டர் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். சாலையில் இருப்பவர் நீங்கள், உங்கள் அனுபவத்தோடு அதை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அந்த வேகத்தில் இது நாளுக்குப் பதினோரு மணி நேர ஓட்டம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஓட்டுநரின் வேலை நேரத்தை நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வகுத்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் அந்தச் சட்டம் இணைக்கப்பட்டுவிட்டது. நாளுக்கு எட்டு மணி நேரம் என்ற வரம்பும், அதற்கு மேல் வாங்கும் வேலைக்கு இரட்டிப்புக் கூலி என்ற விதியும் அப்படியே தொடர்கின்றன. கிலோமீட்டர் கணக்குச் சம்பளம் இந்த இரட்டிப்புக் கூலியை ஓசையில்லாமல் விழுங்கிவிடுகிறது. பதினோராவது மணி நேரத்தில், கண் எரிய எரிய ஓட்டும் கிலோமீட்டருக்கும் அதே மூன்றரை ரூபாய்தான். ஆலை வாசலில் இரண்டு நாள் காத்துக் கிடந்தால் அதற்கு ஒரு ரூபாயும் இல்லை.

இப்போது சட்டம் சொல்லும் எட்டு மணி நேரத்தில் கணக்கிடுவோம். நாளுக்கு 320 கிலோமீட்டர். வாரம் ஒரு நாள் ஓய்வு என்று நான்கு நாளையும், காத்திருப்புக்கு ஏழு நாளையும் கழித்தால் ஓடும் நாட்கள் 19. மொத்தம் 6,080 கிலோமீட்டர்; மூன்றரை ரூபாய் வீதம் 21,280 ரூபாய். சம்பளத்தோடு சேர்த்தால் 30,280 ரூபாய். வடக்கே போகும் ஓட்டுநர் மாதத்தில் 28 நாள் வெளியில் சாப்பிடுவார். நாளுக்கு 350 ரூபாய் என்றால் 9,800 ரூபாய் போய்விடும். கையில் நிற்பது 20,480. இப்போது நீங்கள் வாங்கும் 26,200 ரூபாயில் 22 நாள் சாப்பாட்டுக்கு நாளுக்கு 300 ரூபாய் கழித்தால் 19,600 நிற்கிறது. ஆக, மனிதன் தாங்கக்கூடிய வேலை நேரத்தில் பார்த்தால் இரண்டு வேலைகளுக்கும் இடையிலான வித்தியாசம் மாதம் 900 ரூபாய்கூட இல்லை. அவர்கள் சொல்லும் 9,500 கிலோமீட்டரை ஓடினால் வித்தியாசம் 12,850 ரூபாய் ஆகும் என்பதும் உண்மை. அந்தப் பணம் வரும் வழி தினமும் மூன்று மணி நேரக் கூடுதல் ஓட்டமும் வார ஓய்வை விட்டுக்கொடுப்பதும் மட்டுமே.

"இ-வே பில் முடியப்போகிறது, நிற்காமல் வா" என்று அலுவலகத்திலிருந்து அழைப்பு வரும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். இ-வே பில் என்பது சரக்கோடு செல்ல வேண்டிய மின்னணு ஆவணம்; அது 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் செல்லுபடியாகிறது. 2,200 கிலோமீட்டருக்குப் பதினோரு நாள் உண்டு. தேவைப்பட்டால் நீட்டிக்கவும் வழி இருக்கிறது. ஐந்து நாளில் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரம் நிறுவனத்தின் வியாபாரத்திலிருந்து வருவது, சட்டத்திலிருந்து வருவதல்ல.

டீசல் ஊக்கத்தொகையையும் இதே கண்ணோடு பாருங்கள். தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையில் தொப்பூர் கணவாயில் இறங்கும் லாரிகள் எத்தனை விபத்துகளில் சிக்கியிருக்கின்றன என்பதை உங்கள் வட்டாரத்து ஓட்டுநருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டீசலை மிச்சம் பிடிக்க இறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் விடுவதும், பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போவதும் அங்கே திரும்பத் திரும்பப் பேசப்படும் காரணங்கள். லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் தந்தால் இத்தனை ரூபாய் என்று எழுதிவைக்கும் நிறுவனம், இறக்கத்தில் கியரில்தான் இறங்க வேண்டும் என்று எங்காவது எழுதிவைத்திருக்கிறதா என்று கேளுங்கள்.

சம்பளம் எது, படி எது

உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காமல் விட்டதும், எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றுவதும் இதுதான். இப்போது உங்கள் சம்பளம் 13,000. புதிய இடத்தில் 9,000. மொத்த வருமானம் கூடுகிறது என்பதால் சம்பளம் குறைவதை நீங்கள் பொருட்படுத்தவில்லை. ஆனால் வேலையின்போது உயிரோ உடலோ பாதிக்கப்பட்டால் இழப்பீடு சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. பயணப்படி அதில் சேராது.

இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இல்லாத தொழிலாளி பணியின்போது விபத்தில் இறந்தால், மாதச் சம்பளத்தில் பாதியை அவர் வயதுக்குச் சட்டம் வகுத்துள்ள காரணியால் பெருக்கி வரும் தொகையை முதலாளி தர வேண்டும். 26 வயதுக்கு அந்தக் காரணி 215.28. 13,000 ரூபாய் சம்பளத்துக்கு 13,99,320 ரூபாய் வரும். 9,000 ரூபாய்க்கு 9,68,760 ரூபாய்தான். ஒரே மனிதர், ஒரே விபத்து. 4,30,560 ரூபாய் குறைகிறது. இந்தக் கணக்குக்குச் சம்பள உச்சவரம்பாக 2020இல் 15,000 ரூபாய் அறிவிக்கப்பட்டது. கிலோமீட்டர் பணமும் சம்பளமே என்று வழக்காட இடம் இருக்கிறது. புதிய தொகுப்பும் படிகள் என்ற பெயரில் சம்பளத்தைச் சுருக்கிக் காட்டுவதற்கு வரம்பு கட்டியிருக்கிறது. ஆனாலும் அந்த வழக்கை ஆடும் நிலையில் இருக்கப்போகிறவர் கைக்குழந்தையோடு நிற்கும் உங்கள் மனைவி என்பதை நினைத்துப் பாருங்கள். சம்பளம் என்ற தலைப்பில், வங்கி வழியாக, எழுத்தில் எவ்வளவு வருகிறது என்பதை எந்த வேலையிலும் முதல் கேள்வியாகக் கேட்கச் சொல்வது இதனால்தான்.

அந்தக் கோணத்தில் உங்கள் இப்போதைய வேலையும் குறையுள்ளதே. 13,000 ரூபாயும் ரொக்கம் என்றால் அதற்கு ஆதாரம் இல்லை. நடை முடிந்து ஷெட்டில் கணக்குப் பார்க்கும்போது முதலாளி எழுதும் கணக்குத் தாளை, அதைக் கிழித்துப் போடுவதற்கு முன் கைப்பேசியில் படம் எடுத்துவைக்கும் வழக்கத்தை இன்றே தொடங்குங்கள்.

பி.எஃப். பிடித்தம் வீணா?

வீண் இல்லை. இருபது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனத்தில் பி.எஃப். கட்டாயம், உங்களிடம் 12 சதவீதம் பிடித்தால் நிறுவனமும் 12 சதவீதம் போட வேண்டும். சேர்ந்த நாளிலிருந்தே அது உங்களுக்கு உரியது. "ஆறு மாதம் கழித்து" என்பது நிறுவனத்தின் வசதி, சட்டத்தில் அப்படி ஒரு காத்திருப்புக் காலம் கிடையாது. ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலே, பணியில் இருக்கும்போது இறந்துபோன உறுப்பினரின் மனைவிக்கு மாத ஓய்வூதியம் உண்டு. அதோடு இணைந்த காப்பீட்டில் 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்க வழி இருக்கிறது. புதிய வண்டியில், புதிய சாலையில், புதிய வகை வாகனத்தில் ஓட்டும் முதல் ஆறு மாதத்தில்தான் ஓட்டுநருக்கு ஆபத்து அதிகம். சரியாக அந்த ஆறு மாதத்தில் பாதுகாப்பு இல்லை என்கிறார்கள்.

இ.எஸ்.ஐ. பத்துப் பேர் வேலை செய்யும் இடத்துக்கே பொருந்தும். மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை இருப்பவர்கள் அதில் வருவார்கள். தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம், முதலாளியின் பங்கு 3.25 சதவீதம். வேலையில் சேர்ந்த நாள் முதல் உங்களுக்கும் மனைவிக்கும் மருத்துவ வசதி உண்டு. ஏழு லாரி என்றால் ஓட்டுநர், கிளீனர், அலுவலகத்தில் இருப்பவர் எல்லாம் சேர்த்துப் பத்துப் பேர் தேறக்கூடும். அப்படித் தேறினால் உங்கள் இப்போதைய முதலாளியும் இதில் வருகிறார். எண்ணிப் பாருங்கள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்

அவர்கள் கேட்கும் நான்கில் எதையும் இலேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வெற்றுக் காசோலைதான் மிகவும் ஆபத்தானது. நீங்கள் விலகிய மறுநாள் அதில் ஒரு தொகையை எழுதி வங்கியில் போட்டு, பணமில்லாமல் திரும்பினால், செலாவணி முறிச்சட்டத்தின் 138ஆம் பிரிவில் வழக்குப் போட முடியும். இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுள்ள வழக்கு அது. வேலைக்குச் சேரும்போது காப்பாகத் தந்த காசோலை, கடன் எதுவும் இல்லை என்று நீங்கள் நீதிமன்றத்தில் நிரூபிக்கலாம். அதற்குள் எத்தனை வாய்தா, எத்தனை நாள் கூலி போகும் என்று யோசியுங்கள். கையெழுத்திட்ட வெற்றுப் பத்திரத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

அசல் உரிமம் உங்கள் பெயரில் அரசு தந்த ஆவணம். அதைப் பிணையாக வாங்கிவைக்க எந்த நிறுவனத்துக்கும் உரிமை இல்லை. சரிபார்க்க நகல் கொடுங்கள். டிஜிலாக்கரில் இருக்கும் மின்னணு உரிமம் சாலைச் சோதனையில் செல்லும் என்பதால், யாராவது ஏற்கெனவே அசலை வைத்துக்கொண்டு மிரட்டினாலும் உங்கள் பிழைப்பு நின்றுவிடாது.

இரண்டு ஆண்டு ஒப்பந்தம் "செல்லவே செல்லாது" என்று சிலர் சொல்வார்கள். அது முழு உண்மை இல்லை. குறிப்பிட்ட காலம் பணியாற்றுவேன், இடையில் விலகினால் தொகை தருவேன் என்ற ஒப்பந்தத்தை உச்ச நீதிமன்றம் 2025இல் ஒரு வங்கி அதிகாரியின் வழக்கில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி, எழுதிய தொகை முழுவதும் தானாகக் கிடைத்துவிடாது. நியாயமான இழப்பீடு மட்டுமே கேட்க முடியும். உங்களுக்குப் பயிற்சி எதுவும் தராத நிறுவனம் 50,000 ரூபாய் நட்டம் என்று காட்டுவது எளிதல்ல. மாதம் 5,000 ரூபாய் காப்புத்தொகையைப் பொறுத்தவரை, சட்டம் அனுமதிக்கும் பிடித்தங்களில் அப்படி ஒன்று இல்லை. வண்டிக்குச் சேதம் என்று பிடிப்பதாக இருந்தாலும், அது உங்கள் கவனக்குறைவால் நேர்ந்ததா என்று உங்களிடம் விளக்கம் கேட்ட பிறகே பிடிக்க முடியும்.

இனி முன்பணம். எழுத்து இல்லாவிட்டாலும் 22,000 ரூபாய் கடன் கடன்தான். அதைக் கொடுக்காமல் போகலாம் என்ற யோசனையை விட்டுவிடுங்கள். தங்கையின் திருமணத்துக்கு நம்பிக் கொடுத்த பணம் அது என்பது ஒருபுறம். சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் ஓட்டுநரைப் பற்றி முதலாளிகள் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வது வழக்கம் என்பது மறுபுறம். அதே நேரம், பாக்கி தீரும்வரை வேலையை விட்டுப் போகக் கூடாது என்று உங்களைக் கட்டிப்போடவும் முடியாது. முன்பணத்தைக் காட்டி ஒருவரை விருப்பத்துக்கு மாறாக வேலையில் நிறுத்திவைப்பதைக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976 முதல் தடுத்திருக்கிறது. கணக்கு முடிக்கும்போது வர வேண்டிய சம்பளத்தில் ஒரு பகுதியைக் கழித்து, மீதியைத் தவணையில் தருவதாக எழுதிக்கொடுக்கலாம். புதிய நிறுவனம் அதை அடைத்துவிடும் என்பதை உதவியாக நினைக்காதீர்கள். கடன் தீராது, உங்கள் வீட்டைத் தெரிந்த ஒருவரிடமிருந்து, உங்கள் வெற்றுக் காசோலையைக் கையில் வைத்திருக்கும் ஒருவரிடம் அது இடம் மாறும்.

ஓவர்லோடும் விபத்தும்

அதிக பாரம் முதலாளி பாடு என்பது தவறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவு, வண்டியை ஓட்டுபவரையும் ஓட்டச் செய்பவரையும் ஒன்றாகவே குறிப்பிடுகிறது. அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். உங்கள் உரிமத்தின் மீதும் நடவடிக்கை வரலாம். எடை மேடைச் சீட்டின் படத்தை ஒவ்வொரு நடையிலும் வைத்திருங்கள்.

விபத்தில் இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்வது பணத்தை மட்டுமே. அலட்சியமாக ஓட்டி மரணம் விளைவித்ததாக வழக்கு வந்தால் அது ஓட்டுநரின் பெயரில்தான் வரும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவில் ஐந்து ஆண்டு வரை தண்டனை உண்டு. ஓட்டுநர்களின் போராட்டத்துக்குப் பிறகு நிறுத்திவைக்கப்பட்ட பத்தாண்டுத் தண்டனைப் பிரிவு வேறு; அது நடைமுறைக்கு வராததால் விபத்து இடத்தை விட்டுப் போகலாம் என்று பொருள் இல்லை. பதினோரு மணி நேரம் ஓட்டச் சொன்ன நிறுவனம் குற்றவாளிக் கூண்டில் உங்கள் பக்கத்தில் நிற்காது. வெளிமாநிலத்தில் வழக்கு வந்தால் ஜாமீனுக்கும் வழக்கறிஞருக்கும் யார் செலவு செய்வார்கள் என்று சேர்வதற்கு முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்க வேண்டும்.

அப்படியானால் என்ன செய்யலாம்?

வண்டி மாறினால்தான் சம்பளம் ஏறும் என்பதில் பாதி உண்மை இருக்கிறது. கேட்காத ஓட்டுநருக்கு யாரும் ஏற்றித் தருவதில்லை. நீங்கள் இன்னும் உங்கள் முதலாளியிடம் கேட்கவே இல்லை என்பது உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. பதினான்கு மாதம் விபத்தில்லாமல், வாளையாறு தாண்டி நடை போய் வந்த ஓட்டுநரை இழக்க ஏழு வண்டி வைத்திருப்பவர் விரும்ப மாட்டார். நல்ல ஓட்டுநர் கிடைப்பது இன்று அவ்வளவு கடினம். அவரிடம் நான்கு விஷயங்களைக் கேளுங்கள்: சம்பளம் 16,000 ரூபாயாக, வங்கிக் கணக்கில்; சரக்கு இறக்கக் காத்திருக்கும் நாளுக்கும் முழுப் படி; பத்துப் பேர் இருந்தால் இ.எஸ்.ஐ.; வண்டியின் இன்சூரன்ஸ் பாலிசியில் ஓட்டுநருக்கும் கிளீனருக்கும் உரிய பொறுப்புக்குப் பிரீமியம் கட்டப்பட்டிருப்பதற்கான பக்கத்தின் நகல். முழுவதும் கிடைக்காமல் போகலாம். சம்பளம் 15,000 ஆகி, அது வங்கியில் வந்தாலே, நான் மேலே சொன்ன இழப்பீட்டுக் கணக்கில் நீங்கள் உச்சவரம்பைத் தொட்டுவிடுகிறீர்கள்.

டிரைலர் ஓட்ட வேண்டும் என்ற ஆசை இருந்தால் அதைத் தள்ளிப்போடுங்கள், விட்டுவிட வேண்டியதில்லை. பன்னிரண்டு சக்கர வண்டியும் டிரைலரும் ஒன்றல்ல என்பது உங்களுக்கே தெரியும். திருப்பத்தில் பின்பக்கம் உள்ளே வெட்டிக்கொண்டு வருவதையும், ஈரச் சாலையில் பிரேக் பிடித்தால் வண்டி மடங்குவதையும், பின்னால் எடுப்பதையும் அனுபவமுள்ள ஒருவருடன் சில நடைகள் போய்க் கற்றுக்கொண்ட பிறகே தனியாக ஓட்ட வேண்டும். டிசம்பர், ஜனவரியில் ஆக்ராவுக்கு மேல் விழும் மூடுபனியில் முதல் முறையாக அதைக் கற்றுக்கொள்ள முடியாது. பயிற்சி ஓட்டம் தராமல் சாவியைக் கையில் கொடுக்கும் நிறுவனம், எவ்வளவு தந்தாலும் புதிய ஓட்டுநருக்கு ஏற்றதல்ல.

உங்கள் வட்டாரத்திலேயே இன்னொரு வழி இருக்கிறது. நாமக்கல் எரிவாயு டேங்கர் லாரிகளுக்குப் பெயர்பெற்ற ஊர். ஆபத்தான பொருட்களை ஏற்றும் வண்டி ஓட்ட, மத்திய மோட்டார் வாகன விதிகளின் 9ஆம் விதிப்படி மூன்று நாள் பயிற்சி முடித்து உரிமத்தில் மேற்குறிப்பு வாங்க வேண்டும். அந்த உரிமத்தை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, ஒரு நாள் மறுபயிற்சியோடு புதுப்பிக்க வேண்டும். அந்தத் தகுதி இல்லாத ஓட்டுநர் அந்த வேலையில் உங்களுக்குப் போட்டியாக வர முடியாது. இரண்டாவது ஆண்டையும் இப்போதைய வண்டியில் குறையில்லாமல் முடித்து, இடையில் இந்தப் பயிற்சியையும் எடுத்துவைத்தால், அடுத்த முறை வேலை பேசும்போது பேச உங்களிடம் ஏதாவது இருக்கும்.

ஓசூர் நிறுவனத்தை ஒரேயடியாக மறுக்கவும் வேண்டாம். பணி நியமனக் கடிதம் தருவது இப்போது சட்டப்படி கட்டாயம். அதில் சம்பளம், கிலோமீட்டர் விகிதம், காத்திருப்பு நாளுக்கான தொகை, வார ஓய்வு, முதல் நாளிலிருந்து பி.எஃப். ஆகியவை எழுதப்பட்டு, காசோலையும் அசல் உரிமமும் இல்லாமல் சேர்த்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். அங்கே ஏற்கெனவே ஓட்டும் இரண்டு பேரிடம் கடந்த மூன்று மாதத்தில் வங்கியில் வந்த தொகையைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் அதுவே உங்களுக்கான பதில்.

எந்த முடிவு எடுத்தாலும் இந்த வாரமே செய்ய வேண்டியவை சில உண்டு. வங்கியில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிரீமியத்தில் 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு தரும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் சேர்ந்து, மனைவியை நியமனதாரராகக் குறிப்பிடுங்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் இல்லாதவரை, தமிழ்நாடு அரசின் அமைப்புசாரா ஓட்டுநர்கள் நல வாரியத்திலும், அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசின் இ-ஷ்ரம் தளத்திலும் பதிந்துகொள்ளுங்கள். என்றாவது இப்போதைய வேலையை விடுவதாக இருந்தால், வாயால் சொல்லிவிட்டு நடுவழியில் வண்டியை நிறுத்தாமல், ஒரு மாதம் முன்பே வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் தெரிவியுங்கள்; விலகிய இரண்டு வேலை நாட்களுக்குள் பாக்கிச் சம்பளத்தைத் தர வேண்டும் என்கிறது ஊதியத் தொகுப்பு. தராவிட்டால் சேலத்தில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் மூன்று ஆண்டுகளுக்குள் மனுக் கொடுக்கலாம். அந்த மனுவோடு இணைக்க உங்கள் கைப்பேசியில் இருக்கும் கணக்குத் தாள் படங்கள் போதும்.